ஆயிரத்து ஐந்நூற்றுப் பன்னிரண்டாவது நாள்

காலையில் அறைக்குள் நுழைந்ததும், தோளில் இருக்கும் பையைக்கூட இறக்காமல் நான் செய்யும் முதல் வேலை, சுவரில் மாட்டியிருக்கும் வெள்ளைப் பலகையில் ஓர் எண்ணை அழித்துவிட்டு அடுத்த எண்ணை எழுதுவது. அந்த வியாழக்கிழமை எழுதிய எண் 1512. எங்கள் ஆஸ்பத்திரி சர்வர் ஒரு முறைகூட நிற்காமல் ஓடிய நாட்களின் கணக்கு அது. நான்கு வருடமும் ஐம்பத்தொரு நாளும்.

இங்கே கணினி சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான். பிரிண்டரில் தாள் சிக்கினாலும் நான்தான், யாராவது கீபோர்டில் காபியைக் கொட்டினாலும் நான்தான். என் பெயர் யாருக்கும் வாயில் வராது. 'சிஸ்டம்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆயிரமாவது நாளன்று கண்காணிப்பாளரே வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார். நானும் வகுப்பில் முதல் மார்க் வாங்கியவள் மாதிரி இளித்துக்கொண்டு நின்றேன். உண்மையில் அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்தது பயம். ஓடுகிற இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்தினால் திரும்ப எழுந்திருக்குமா என்பது எழுந்த பிறகுதான் தெரியும். என் பயத்துக்குத் தினமும் ஒரு எண்ணைச் சூட்டிப் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் மாட்டிக்கொண்டேன். மின்சாரப் பலகையை மாற்றப் போகிறார்கள், வியாழன் மதியம் இரண்டு முதல் மூன்று வரை எங்கள் பகுதியில் மின்சாரம் இருக்காது, யூபிஎஸ்ஸும் அதே பலகையில்தான் இருக்கிறது, எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள் என்று சுற்றறிக்கை வந்தது. குழந்தைகள் வார்டுக்குத் தனி ஜெனரேட்டர் உண்டு. என் அறைக்கு இல்லை.

வேறு மாதமாக இருந்திருந்தால் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். அந்த மாதம் என் தங்கச்சி மகள் மாடியில், கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தாள். பத்து மாதம் இருக்க வேண்டியவள் ஏழாவது மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்டாள். பிறந்தபோது ஒரு கிலோகூட இல்லை. அவளுடைய அப்பா, எங்கள் மாப்பிள்ளை, 'குண்டூசி' என்று பெயர் வைத்தார். அழுதுகொண்டேதான் வைத்தார், ஆனாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

தங்கச்சிக்கு இன்னும் பால் சரியாகச் சுரக்கவில்லை. ஒரு மணி நேரம் பம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு தேக்கரண்டிகூடத் தேறாது. பவுடர் பாலைக் கொடுத்துப் பார்த்ததில் குண்டூசிக்கு வயிறு வீங்கி, மூன்று நாள் எல்லாவற்றையும் நிறுத்தி, வெறும் ட்ரிப்ஸில் வைத்திருந்தார்கள். அந்த மூன்று நாளில் தங்கச்சி பாதியாகிவிட்டாள். பிறகு எங்கள் ஆஸ்பத்திரியின் தாய்ப்பால் வங்கியிலிருந்து, வேறு தாய்மார்கள் கொடுத்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை குழாய் வழியாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். முதலில் ஒரு மில்லி, பிறகு இரண்டு. அந்த வியாழக்கிழமை ஒன்பது மில்லி. டாக்டர் சொன்னது இதுதான்: "இப்பதான் வயிறு ஒத்துக்க ஆரம்பிச்சிருக்கு. நடுவுல விடாம போகணும். ஒரு வேளை தவறினா ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

அந்தப் பாட்டில்கள் ஒவ்வொன்றின் மேலும் ஒரு நீளமான எண் மட்டும்தான் இருக்கும். யார் கொடுத்த பால், காய்ச்சிய தேதி என்ன, கிருமிப் பரிசோதனையில் தேறியதா இல்லையா, இதெல்லாம் என் சர்வரில் இருக்கும் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். எண்ணை ஸ்கேன் செய்தால் திரையில் பச்சை வரும், கொடுக்கலாம். சிவப்பு வந்தால் தொட்டியில் கொட்ட வேண்டும். பதிவேட்டில் இல்லாத பாட்டிலையும் கொட்டத்தான் வேண்டும்.

வங்கியைப் பார்த்துக்கொள்கிறவர் ஒரு மூத்த நர்ஸ். முகத்துக்கு நேரே சிஸ்டர் என்போம், முதுகுக்குப் பின்னால் பால்காரம்மா. முன்பு அவர் எல்லாவற்றையும் ஒரு தடி நோட்டில் கையால் எழுதி வைப்பார். ஒவ்வொரு வேளையும் பாட்டில் எண், பார்த்த நேரம், கையெழுத்து. பதிவேடு வந்த பிறகும் எழுதிக்கொண்டிருந்தார். "மெஷின் வந்தப்புறமும் எதுக்கு சிஸ்டர் இந்த நோட்டு? குதிரை வண்டியில ஏறிக்கிட்டு கூடவே ஓடியும் வர்றீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்து அதை வாங்கி வைத்துக்கொண்டேன். இரண்டு வருடமாக அந்த நோட்டு என் மேசையில், மானிட்டருக்கு அடியில் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. திரை என் கண் மட்டத்துக்குச் சரியாக வந்தது.

ஒன்றரை மணிக்குள் எல்லோரும் அவரவர் பதிவுகளை முடித்துவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரி முழுவதும் சொல்லியிருந்தேன். சிஸ்டர் ஒன்று இருபதுக்கே, குளிர்ப்பெட்டியில் உறைபனி இளகி உபயோகத்துக்குத் தயாராக இருந்த ஆறு பாட்டில்களையும் ஸ்கேன் செய்தார். ஆறும் பச்சை. ஒரு வேளைக்கு ஒரு பாட்டில், அதில்தான் குண்டூசிக்கும் இன்னும் இரண்டு குழந்தைகளுக்கும் பங்கு. இரண்டு மணிக்கானதை மாடிக்கு அனுப்பிவிட்டு, மீதி ஐந்தையும் உள்ளே வைத்துவிட்டு என் அறைக்கு வந்தார். "நாலு மணிக்குள்ள உன் மெஷின் முழிச்சுக்கணும். இல்லன்னா என்கிட்ட வந்து நிக்காத" என்றார்.

"முழிச்சுக்கும் சிஸ்டர்."

"உனக்கே நம்பிக்கை இல்லாத மாதிரி சொல்றியே."

ஒன்று நாற்பதுக்கு, நிறுத்தும்படி கட்டளை கொடுத்தேன்.

கணினியை நிறுத்துவது, ஒரு குடும்பமே வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போவதைப் போன்ற காரியம். உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலிடமும் இயந்திரம் முதலில் பக்குவமாகச் சொல்லும்: நேரமாகிவிட்டது, கையில் இருப்பதை முடித்துக்கொண்டு கிளம்பு. சில உடனே கிளம்பிவிடும். சில, செருப்பைத் தேடுகிற சித்தப்பா மாதிரி இழுத்தடிக்கும். வழக்கமாகத் தொண்ணூறு விநாடி பொறுக்கும், அதற்கு மேல் பிடரியைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். எல்லோரும் வெளியேறிய பிறகு, நினைவில் மட்டும் இருப்பதையெல்லாம் டிஸ்க்கில் எழுதி முடித்து, டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகச் சாத்தி, 'ஒழுங்காகச் சாத்தப்பட்டது' என்று வாசலில் ஒரு குறியும் போட்டுவிட்டு, கடைசியில்தான் மின்சாரத்தை விடும். நடுவில் பிளக்கைப் பிடுங்கினால் எழுதிய வரி பாதியில் நிற்கும். எந்த வரி என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் பதிவேட்டு நிரல் அரதப் பழசு. வருகிற பதிவுகளைக் கையில் சேர்த்து வைத்துக்கொண்டு அவ்வப்போது மொத்தமாகத்தான் எழுதும். அதைத் தொண்ணூறு விநாடியில் தள்ளிவிட்டால் வம்பு என்று, காலையிலேயே அதற்கு மட்டும் பதினைந்து நிமிடம் அவகாசம் கொடுத்திருந்தேன். அந்த அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது.

திரையில் வரிகள் ஓடின. ஒவ்வொரு வரியும் ஒரு நிரல் வெளியேறிய செய்தி. ஒன்று ஐம்பத்திரண்டுக்குத் திரை சட்டென்று கறுத்தது.

கதவருகில் டெஸ்டரைக் காதில் செருகிக்கொண்டு நின்றிருந்தார் ஒயர்மேன். நல்ல மனிதர், ஆனால் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவர் மாதிரி எப்போதும் அவசரம். "அணைஞ்சிடுச்சுல்ல மேடம்? இழுத்துடறேன்" என்று சொல்லிக்கொண்டே, சர்வருக்குப் பின்னால் இருக்கும் பிளக்கில் கை வைத்துவிட்டார்.

"கையை எடுங்க!"

நான் போட்ட சத்தம் தாழ்வாரம் வரை கேட்டிருக்கும். பாய்ந்து போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். அவர் வெலவெலத்துப் போய்விட்டார்.

"என்னாச்சு மேடம்? ஷாக் கீக் அடிக்குதா?"

"அணைஞ்சது டிவி மட்டும்தான் அண்ணா. மெஷின் இன்னும் எழுதிக்கிட்டிருக்கு. அந்த பச்சை லைட்டைப் பாருங்க."

சர்வரின் முகப்பில், அரிசி அளவில் ஒரு பச்சை விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. டிஸ்க்கில் எழுதும்போது மட்டும் துடிக்கிற விளக்கு. திரைக்கு விடைகொடுத்து அனுப்பிவிட்டு, இயந்திரம் இருட்டில் தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தது. சிஸ்டர், ஒயர்மேன், நான், மூன்று பேரும் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றோம். நிற்கும், நின்றுவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி துடிக்கும். ஒன்று ஐம்பத்தேழுக்கு விளக்கு நின்றது. பிறகு ஏதோ ஒன்று 'டக்' என்றது. காற்றாடிகள் மெல்லத் தளர்ந்து ஓய்ந்தன.

நான்கு வருடத்தில் முதல் முறையாக அந்த அறையில் சத்தம் இல்லை. சுவர்க்கடிகாரத்துக்கு டிக் டிக் என்று ஒரு சத்தம் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"இப்ப இழுக்கலாமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார் ஒயர்மேன். சாவு வீட்டில் பேசுவது மாதிரி. எனக்குச் சுருக்கென்றது.

அந்த ஒரு மணி நேரம் சும்மா இருக்க முடியாமல் மாடிக்குப் போனேன். குண்டூசி மூக்கில் குழாயோடு மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய கை என் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அந்த வார்டில் எல்லா இயந்திரங்களும் சீராகக் கூவிக்கொண்டிருந்தன. பக்கத்தில் நாற்காலியில் தங்கச்சி. தலை வாரி இரண்டு நாளாகியிருக்கும்.

"ரெண்டு மணி பால் முழுசா உள்ள போயிடுச்சுக்கா. ஒரு சொட்டு வெளிய வரல."

"சமர்த்து."

"நாலு மணிக்கு வந்துடும்ல? கீழ கரண்ட் இல்லன்னு நர்ஸ் சொன்னாங்க."

"வந்துடும். நான் பாத்துக்கறேன்."

சின்ன வயதிலிருந்து அவளிடம் நான் ஆயிரம் முறை சொல்லியிருக்கும் வார்த்தை இது. பள்ளிக்கூடத்தில் அவள் மை கொட்டியபோதும் சொன்னேன், அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் சொன்னேன். அவளும் ஒவ்வொரு முறையும் நம்பிவிடுவாள். அன்றைக்கும் நம்பி, கூட்டின் மேல் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

மூன்று மணி என்றது மூன்று பத்தானது. மின்சாரம் வந்ததும் பிளக்கைச் செருகி, பொத்தானை அழுத்தினேன். ஒரு விநாடி ஒன்றுமே நடக்கவில்லை. அந்த ஒரு விநாடியில் எனக்கு வேலை போய், வீடு போய், தங்கச்சியின் முகத்தில் விழிக்க முடியாமல் எங்கேயோ ஓடிப்போய்விட்டேன். பிறகு காற்றாடிகள் உறுமின. ஒரு பீப். திரையில் எழுத்து.

இயந்திரம் தன் கைகால்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்துக்கொண்டது. நினைவகம் சரி. டிஸ்க் சரி. வலைத்தொடர்பு சரி. மூன்று இருபத்தாறுக்கு உள்ளே நுழையச் சொல்லிக் கேட்டது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பக்கத்தில் வந்து நின்றிருந்த சிஸ்டரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் பதிலுக்குச் சிரிக்கவில்லை. என் திரையிலேயே பால் பதிவேட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இது என்ன?" என்றார்.

மொத்த பாட்டில்கள்: 0.

எட்டிப் பார்த்தேன். தாய்மார்கள் பூஜ்யம். பரிசோதனைகள் பூஜ்யம். புதுப் பெயிண்ட் அடித்த சுவர் மாதிரி பளிச்சென்று வெறுமையாக இருந்தது.

மூடிவிட்டு மறுபடி திறந்தேன். பூஜ்யம். இன்னொரு முறை திறந்தேன். நகல் இல்லையா என்றால் இருக்கிறது, விடியற்காலை எடுத்தது. அதை எடுத்து ஏற்றி முடிக்க அரை நாள் ஆகும். அதுவரை உறைபெட்டியில் இருக்கும் முந்நூற்றுச் சொச்சம் பாட்டில்களில் ஒன்றைக்கூடத் தொட முடியாது. கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று முப்பத்தைந்து. கைபேசி அதிர்ந்தது. தங்கச்சி. 'அக்கா கரண்ட் வந்துடுச்சா?'

பதில் போடாமல் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

சிஸ்டரின் கண் ஒரு கணம் என் மானிட்டருக்கு அடியில் போய், அங்கே இருந்த நோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இதமாக இருந்திருக்கும்.

அப்போதுதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். யோசித்துத்தான் சொன்னேன். யாரும் என் வாயைப் பிடுங்கவில்லை.

"சிஸ்டர், உள்ள வெச்ச அஞ்சும் நீங்க ஒண்ணு இருபதுக்கு பாத்ததுதானே? எல்லாம் பச்சைதானே? அதுல அடுத்ததை எடுத்து குடுத்துடுங்க. இது சரியாக நேரமாகும்."

"பதிவுல இல்லாத பாட்டிலையா?"

"நீங்களே உங்க கண்ணால பாத்தீங்க!"

"நான் பாத்தது ஒண்ணு இருபதுக்கு. இப்ப மணி என்ன?"

"ரெண்டு மணி நேரத்துல என்ன மாறிடப் போகுது? நான் பொறுப்பு சிஸ்டர். எழுதி வேணாலும் தர்றேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ எதுக்கு பொறுப்பு? மெஷினுக்கா, குழந்தைக்கா? ஞாபகத்தை நம்பி நான் இதுவரைக்கும் ஒரு சொட்டு குடுத்ததில்ல. உன் தங்கச்சி குழந்தைன்னாலும் குடுக்க மாட்டேன், என் பேத்தின்னாலும் குடுக்க மாட்டேன். உன் வேலையைப் பாரு."

கோபம் தலைக்கேறியது. இந்தக் கிழவிக்கு என்ன பிடிவாதம் என்று மனதுக்குள் கண்டபடி திட்டினேன். அங்கே ஒரு பிள்ளை வயிறு காய்ந்து கிடக்கப் போகிறது, இவர் சட்டம் பேசுகிறார். திட்டிக்கொண்டே திரைக்குத் திரும்பி, டிஸ்க்கில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு வரி கண்ணில் பட்டது.

டிஸ்க்கில் காலி இடம்: எழுபது சதவீதம்.

எழுபதா? அந்த டிஸ்க் இரண்டு வருடத்துக்கு முன்பே நிரம்பி வழிந்ததே!

அப்போது எனக்கு அந்த வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. பலகையில் 740-ஓ என்னவோ எழுதியிருந்த நாள். இடம் தீர்ந்துபோய் பதிவேடு முரண்டு பிடித்தது. இரண்டாவதாகப் பெரிய டிஸ்க் ஒன்றைச் செருகி, பதிவேடு முழுவதையும் அதற்கு மாற்றினேன். இயந்திரத்தை நிறுத்தாமலே, ஒரே ஒரு வரிக் கட்டளையால் அந்த டிஸ்க்கை அதன் இடத்தில் இணைத்தேன். கையால் செய்கிற இணைப்பு அன்றைய ஓட்டத்துக்கு மட்டும்தான். அடுத்த முறை கண்விழிக்கும்போதும் இயந்திரம் அதைத் தேட வேண்டுமென்றால், எழுந்ததும் செய்ய வேண்டியவை என்று அது வைத்திருக்கும் பட்டியலில் எழுத வேண்டும். எழுதினால் ஒரு முறை அணைத்து எழுப்பிச் சோதித்தும் பார்க்க வேண்டும். சோதித்தால் என் எண் பூஜ்யத்துக்குப் போய்விடும். அடுத்த முறை நிறுத்தும்போது எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்த அடுத்த முறை வரவே இல்லை. வரவிடாமல் பார்த்துக்கொண்டதும் நானேதான்.

ஆக, இயந்திரம் எழுந்தது, தன் பட்டியலைப் பார்த்தது. அதில் இரண்டாவது டிஸ்க் என்று ஒன்று இல்லை. பதிவேட்டு நிரல் வழக்கமான கதவைத் திறந்தது, உள்ளே வெறும் அறை. சரி, புது வீடு போலிருக்கிறது என்று அப்பாவியாக ஒரு புதுப் பதிவேட்டைத் தொடங்கி உட்கார்ந்துவிட்டது. அந்தப் பெரிய டிஸ்க் இரண்டடி தூரத்தில், கூப்பிட ஆளில்லாமல் காத்துக்கொண்டிருந்தது.

"அறிவுகெட்டவ!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

"யாரு, நானா?" என்றார் சிஸ்டர்.

"நான் சிஸ்டர், நான்."

முதலில் பதிவேட்டு நிரலை நிறுத்தினேன், அந்த வெறும் அறையில் அது எதையும் எழுதிவைக்கக் கூடாது என்று. பிறகு டிஸ்க் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. இன்னொரு பயம் மிச்சமிருந்தது. ஒழுங்காகச் சாத்தாத டிஸ்க் என்றால், மூலை முடுக்கெல்லாம் சோதித்த பிறகே இயந்திரம் அதை உள்ளே சேர்க்கும். இந்தப் பெரிய டிஸ்க்குக்கு அது இரண்டு மணி நேர வேலை. வாசலில் போட்டிருக்கும் குறியைப் படிக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன்.

'ஒழுங்காகச் சாத்தப்பட்டது. நேரம் 1:57.'

ஒயர்மேனின் மணிக்கட்டு நினைவுக்கு வந்தது. அவரைப் பிடித்த பிடியில் என் நகம் பதிந்திருக்கும், பாவம்.

டிஸ்க்கை இணைத்தேன். நிரலை எழுப்பினேன். மூன்று ஐம்பத்தொன்று. திரையில் சின்ன வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. சிஸ்டரின் கை எப்போது என் தோளில் வந்து உட்கார்ந்தது என்று தெரியவில்லை.

மொத்த பாட்டில்கள்: 343.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சிஸ்டர் அதற்கெல்லாம் நிற்கவில்லை. தன் அறைக்கு ஓடினார், பின்னாலேயே நானும் ஓடினேன். ஐந்து பாட்டில்கள் இருந்த தட்டை வெளியே எடுத்தார். வரிசையில் முதலில் இருந்ததை, நான் கொடுத்துவிடுங்கள் என்றேனே அதை, ஸ்கேனருக்கு அடியில் காட்டினார்.

சிவப்பு.

இருவரும் திரையைக் குனிந்து பார்த்தோம். 'மூன்றாம் நாள் வளர்ப்பில் கிருமி. கொடுக்கக் கூடாது. பதிவு: பரிசோதனைக் கூடம், 1:28.'

ஒவ்வொரு பாலிலும் சில துளியைத் தனியே வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள்; இரண்டு நாளில் தலைகாட்டாத கிருமி அபூர்வமாக மூன்றாவது நாளில் முளைக்கும். பரிசோதனைக் கூடத்தில் அதைக் கண்டுபிடித்த பெண், ஒன்றரை மணிக்குள் முடியுங்கள் என்று நான் போட்ட கெடுவுக்குப் பயந்து, மதிய சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவசரமாகப் பதிந்திருக்கிறாள். சிஸ்டர் பார்த்து எட்டு நிமிடம் கழித்து. அன்று இயந்திரத்துக்குள் எழுதப்பட்ட கடைசி வரி அதுதான். திரை கறுத்த பிறகும் பச்சை விளக்கு துடித்துக்கொண்டிருந்ததே, அப்போது எழுதப்பட்டவற்றில் இதுவும் இருந்திருக்கும்.

சிஸ்டர் பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டார். என்னை ஒரு பார்வை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அடுத்த பாட்டிலைக் காட்டினார், பச்சை. அதைத் துணியால் துடைத்துக்கொண்டு மாடிப்படியை நோக்கி நடந்தார். நானும் பின்னாலேயே ஏறினேன்.

நான்கு ஐந்துக்கு, ஒன்பது மில்லி குழாய் வழியாகக் கீழே இறங்குவதைத் தங்கச்சியும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். குண்டூசி தூக்கத்திலேயே உதட்டைச் சப்புக்கொட்டினாள்.

"நீ மெசேஜுக்கு பதில் போடலன்னதும் பயந்துட்டேன்" என்றாள் தங்கச்சி. "அப்புறம் நினைச்சேன், அக்கா பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கா, அப்புறம் எனக்கென்ன."

அதை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை, சிஸ்டர் போட்டுக்கொடுக்கிற ரகமில்லை. ஆனால் அந்தப் பிள்ளை சப்புக்கொட்டிக்கொண்டிருக்கும்போது என்னால் முடியவில்லை.

"நான் பாத்துக்கலடி" என்றேன். "பதிவேடு காணாம போச்சு. என் தப்புதான், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி செஞ்ச தப்பு. பதட்டத்துல, பாக்காமலே ஒரு பாட்டிலைக் குடுத்துடுங்கன்னு சிஸ்டர்கிட்ட சண்டை போட்டேன். அவங்க மாட்டேன்னுட்டாங்க. அந்த பாட்டில்ல கிருமி இருந்துச்சு."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. குழாயில் பால் இறங்கி முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"ஆறு மணிக்கும் அந்த சிஸ்டர்தான் வருவாங்களா?"

"ஆமா."

"சரி" என்றாள்.

கீழே வந்தேன். விட்டுப்போன அந்த ஒரு வரியைப் பட்டியலில் எழுதினேன். எழுத அரை நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு எல்லோரையும் கூப்பிட்டு, அரை மணி நேரம் பதிவு எதுவும் வேண்டாம், மறுபடியும் நிறுத்தி எழுப்பப் போகிறேன் என்றேன். உனக்குப் பைத்தியமா, இப்போதுதானே உயிர் பிழைத்தது என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். ஒயர்மேன் மட்டும் வந்து கதவருகில் நின்றார், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. திரை கறுத்தது. பச்சை விளக்கு துடித்தது. இந்த முறை எழுதுவதற்கு அதிகம் இல்லை, ஒரு நிமிடத்தில் ஓய்ந்தது. பொத்தானை அழுத்தினேன். எழுந்தது, தானே தன் டிஸ்க்கைத் தேடிப் பிடித்துக்கொண்டது. எண்ணிக்கை சரியாக வந்தது. கொட்டியதும் கொடுத்ததும் போக 341.

பலகையில் 1512 இன்னும் இருந்தது. அழித்தேன். ஒன்றும் எழுதவில்லை.

மானிட்டரைத் தூக்கி, அடியில் இருந்த நோட்டை உருவினேன். திரை இரண்டு அங்குலம் இறங்கியது. அட்டையில் மானிட்டர் கால் அழுத்திய தடம். துடைத்து, சிஸ்டரிடம் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கி, புதுப் பக்கத்தைப் புரட்டி, பேனாவை உதறி எழுதிப் பார்த்தார்.

ஆறு மணிக்கு அவர் ஒரு கையில் பாட்டிலும் ஒரு கையில் நோட்டுமாக மாடிக்கு வந்தார். தங்கச்சி எழுந்து நின்றாள். வழக்கமாக இந்த நேரத்தில் என் முகத்தைப் பார்த்து, நான் தலையசைத்த பிறகு நகர்ந்து வழிவிடுவாள். அன்று நோட்டை வாங்கினாள். பாட்டில் எண்ணின் மேல் விரலை வைத்து, நோட்டில் இருந்த எண்ணோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தாள். நேரத்தைப் படித்தாள், ஐந்து ஐம்பத்தெட்டு. கையெழுத்தைப் பார்த்தாள்.

பிறகு நகர்ந்து வழிவிட்டாள்.